அடுப்படியிலிருந்து மடை வரை

"இன்ஜினியர் சார் எங்கங்க? இன்ஜினியர் சார் கொஞ்சம் முன்னாடி வாங்க!"

சிலருக்கு மைக் இல்லாமலேயே மைக் வைத்த மாதிரி ஒரு குரல் இருக்கும். குணசேகரன் அண்ணனுக்கு அப்படி ஒரு குரல். வலங்கைமானுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், நான் தனியாக வரைந்து, நின்று கட்டி முடித்த முதல் வீட்டின் கிரகப்பிரவேசம் அது. ஆவணி மாதக் காலை. பால் காய்ச்சி முடிந்து பந்தலில் முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. கேசரியில் நெய்யைத் தாராளமாக விட்டிருந்தார்கள். அதன் மணம் புதுப் பெயின்ட் வாசனையையும் மீறிக்கொண்டு வந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு குடி போகிற அன்று, கட்டியவர்களுக்கு மரியாதை செய்வார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், அதன் மேல் வேட்டி துண்டு. கொத்தனார் வாங்கிக்கொண்டார். ஆசாரி வாங்கிக்கொண்டார். எலக்ட்ரீஷியன் வெட்கப்பட்டுக்கொண்டே வாங்கி, தட்டோடு ஒரு செல்ஃபியும் எடுத்துக்கொண்டார். கடைசித் தட்டில் இருந்தது நல்ல ஜரிகைக் கரை வேட்டி. அது இன்ஜினியருக்கு.

வீட்டுக்காரர் இளங்கோவன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்ப்பவர். அவருடைய தங்கை கணவர்தான் குணசேகரன். திருப்பனந்தாள் பக்கம். விசேஷத்துக்குத் துணி எடுக்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது. இன்ஜினியர் என்றால் சார், சார் என்றால் வேட்டி என்று கணக்குப் போட்டு எடுத்துவிட்டார். அவர் என்னை அதுவரை பார்த்ததில்லை.

அப்பா என் முதுகில் கை வைத்துத் தள்ளினார். "போ, ஒன்னத்தான் கூப்பிடுறாங்க."

நான் போய் நின்றேன். குணசேகரன் அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"சார் வரலியாம்மா?"

"நான்தாங்க அது."

"அடடா!" உண்மையாகவே சங்கடப்பட்டார். "பொடவையில்ல எடுத்திருக்கணும்? சரி, கூட வந்திருக்கறது அப்பாவா? அப்பா வாங்கிக்கட்டும். யாரு வாங்கினா என்ன."

அப்பா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "என் கையில குடுக்காதீங்க. கட்டுனது அவ."

தட்டு எங்கள் இருவருக்கும் நடுவே அந்தரத்தில் நின்றது. அப்போதுதான் அடுப்படிக்குள்ளிருந்து இளங்கோவனின் மனைவி வளர்மதி அக்காவின் குரல் கேட்டது.

"வந்துடுச்சு!"

என்ன வந்தது என்பது அந்தப் பந்தலில் இருந்தவர்களில் எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். அதைச் சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அப்பாவின் இன்ஜினியர்

நான் படித்தது கட்டிடக்கலை. அப்பாவைப் பொறுத்தவரை அது சிவில் இன்ஜினியரிங்கின் சித்தி பிள்ளை. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். நான் படித்து முடித்ததும் அரசாங்கப் பரீட்சை எழுதி, பொதுப்பணித் துறை ஜீப்பில் தஞ்சாவூருக்குள் வருவேன் என்று நம்பிக்கொண்டிருந்தார். அந்தப் பரீட்சைக்கு என் படிப்பு பொருந்தாது என்று கடைசி வருடத்தில்தான் அவருக்குத் தெரிந்தது. இரண்டு நாள் பேசவில்லை. பிறகு அவராகவே சமாதானமாகி, "அப்ப நீ என்ன போடுவ, கோடா?" என்றார்.

"ஆமாப்பா, கோடுதான்."

"கோடு போட அஞ்சு வருசமா?"

ஆனாலும் கேட்பவர்களிடமெல்லாம் "பொண்ணு இன்ஜினியர்" என்றே சொல்லிவந்தார். திருத்திப் பார்த்தேன். களைத்துப்போய் விட்டுவிட்டேன்.

நின்றுகொண்டே இருப்பவர்

கல்லூரியில் முதல் வருடம் எங்களுக்குக் கொடுத்த பயிற்சி, மலைச்சரிவில் ஒரு ஓவியருக்கு வார இறுதி வீடு. எனக்கு ஓவியர் யாரையும் தெரியாது. மலையும் தெரியாது. எங்கள் ஊரில் மேடு என்று ஒன்று இருந்தால் அது வரப்புதான். சரிவுக்கு வீட்டை எப்படிப் பொருத்துவது என்று புரியாமல், மலையைச் சமப்படுத்திவிட்டு வீட்டைக் கட்டினேன். பார்க்க வந்த பேராசிரியர் என் மாதிரியைக் கையில் எடுத்து, "மலை எங்கேம்மா போச்சு?" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். விடுதிக்குப் போய் அழுதேன்.

பிறகு பழகிக்கொண்டேன். மலை, கடல், ஏரி எதைக் கொடுத்தாலும் ஒரே சூத்திரம். நல்ல காட்சி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் ஹாலையும் பெரிய படுக்கையறையையும் வை. மிச்சமிருக்கிற பக்கத்தில் சமையலறையை வை. எல்லோரும் அப்படித்தான் வரைந்தோம். மதிப்பெண்ணும் வந்தது.

இப்போது அந்தப் பழைய தாள்களைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது. ஐந்து வருடத்தில் நான் வரைந்த அத்தனை வீடுகளிலும், உட்கார்ந்திருப்பவருக்கும் படுத்திருப்பவருக்கும் பெரிய கண்ணாடி ஜன்னல். நின்றுகொண்டே இருப்பவருக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். என் அம்மா ஆயுளில் பாதியை ஒரு சமையலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றே கழித்தவர். அவருக்குப் பிறந்த எனக்கும் இது தோன்றவில்லை. காட்சி என்பது ஓய்வாக இருப்பவர்கள் பார்ப்பது என்று நானும் நம்பிவிட்டேன்.

கழிவறை நிபுணர்

படிப்பு முடிந்ததும் சென்னையில் ஒரு பெரிய அலுவலகத்தில் சேர்ந்தேன். நல்ல அலுவலகம், குறை சொல்ல மாட்டேன். ஏசி, காபி மெஷின், தோழிகள் எல்லாம் இருந்தன. ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு அங்கே ஒரு வேலைதான் கொடுப்பார்கள். கழிவறை. எந்த ஓடு எங்கே தொடங்க வேண்டும், எங்கே வெட்டுப்பட வேண்டும், குழாய் எந்த ஓட்டின் நடுவில் வர வேண்டும். கம்ப்யூட்டர் பூங்காவின் கழிவறை, மருத்துவமனையின் கழிவறை, கல்யாண மண்டபத்தின் கழிவறை என்று வரைந்து தள்ளினேன். அந்த ஓடுகளின் மேல் நடக்கப் போகிற ஒரு மனிதரைக்கூட நான் சந்திக்கவில்லை.

ஒரு நாள் அம்மா போனில் கேட்டார். "நீ கட்டின கட்டடம் ஏதாவது டிவில வருமாடி?"

"வரும்மா. ஆனா நான் கட்டின எடத்துக்கு கேமராவோட போக மாட்டாங்க."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குத்தான் அன்று முழுக்க ஒரு மாதிரியாக இருந்தது. அடுத்த தீபாவளிக்கு ஊருக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. தஞ்சாவூரில் வீட்டு மாடி அறையில் ஒரு மேஜையைப் போட்டு, வாசலில் பலகையை மாட்டினேன். அலுவலகத்தின் மூத்தவர் நல்ல மனிதர். "எப்ப வேணா வா, உன் நாற்காலி இருக்கும்" என்றார். அந்த நாற்காலி என் மனசுக்குள் ஒரு மூலையில் கிடந்துகொண்டே இருந்தது.

பலகையைப் பார்த்து வந்தவர்களில் பாதிப் பேர் பஞ்சாயத்து அனுமதிக்கு ஒரு பிளான் மட்டும் கேட்டார்கள். மீதிப் பேர் செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, "இதே மாதிரி எலிவேஷன்" என்றார்கள். வீட்டுக்குள் என்ன நடக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அதை வாஸ்து பார்த்துக்கொள்ளும். அடுப்படிக்குத் தென்கிழக்கு, அது அக்னி மூலை. வடமேற்கு வாயு மூலை. எனக்கு மிஞ்சியது படிக்கட்டின் கைப்பிடி.

மடை தெரியணும்

இளங்கோவனும் செல்போனில் படம் அனுப்பினார். சாம்பலும் ஆரஞ்சும் பட்டை பட்டையாகப் பூசிய முகப்பு, ஸ்டீல் கைப்பிடி, வாசலில் இரண்டு தூண். எதையும் மறுக்காமல் போட்டுக் கொடுத்தேன். அவர் அங்கே, வீடு இங்கே. இடத்தில் நின்று வேலை வாங்கியது அவர் மனைவி வளர்மதி அக்கா.

காலையில் வயல், பிறகு கட்டிட வேலை, சாயங்காலம் மறுபடி வயல். நிலத்தை அவரே பார்த்தார். நடவுக்கு ஆள் கூப்பிடுவதிலிருந்து அறுவடை இயந்திரத்துக்கு முறை வாங்குவது வரை அவர்தான். சிமெண்ட் மூட்டை இறக்குகிறவர்களிடம் அவர் பேசும் தோரணையைப் பார்த்தே நான் கொத்தனாரிடம் எப்படிப் பேசுவது என்று பழகிக்கொண்டேன்.

தரை மட்டம் எழும்பியிருந்தபோது ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பாப்பா, ஒண்ணு கேக்கலாமா? அவருகிட்ட சொல்லிடக் கூடாது."

"சொல்லுங்கக்கா."

"அடுப்படியிலேர்ந்து மடை தெரியணும்."

வீட்டுக்குப் பின்னால் வடமேற்கில் அவர்கள் வயல். வயலின் தலைமாட்டில் வாய்க்கால். வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் திறக்கிற வாய்தான் மடை. கூப்பிடு தூரம்தான். ஆனால் அடுப்படி வருவது நேர் எதிர் மூலையில், தென்கிழக்கில்.

"ஏங்க்கா, தண்ணி வர்றப்ப யாராவது சொல்ல மாட்டாங்களா?"

"யாரு சொல்லுவா? வாய்க்கால்ல தண்ணி முறை பாக்கற லஸ்கர் இன்னைக்கு உங்க முறைம்பாரு. எத்தன மணிக்கு வரும்னு அவருக்கே தெரியாது. மேல உள்ளவன் அவன் வயலுக்குப் பாய்ச்சிக்கிட்டுப் பேசாம இருப்பான். ஒலைய வச்சுட்டு ஓடிப் பாத்தா தண்ணி இருக்காது. திரும்பி வந்தா சோறு கொழஞ்சிருக்கும். சரின்னு சோத்த வடிச்சிட்டுப் போனா, தண்ணி வந்து கீழ போயிருக்கும். போன வருசம் நாத்தங்கால்ல பாதி அப்படித்தான் காஞ்சுச்சு."

"சார்கிட்டயே சொல்லலாமே?"

"சொன்னா, 'எதுக்கு இந்தப் பாடு, குத்தகைக்கு வுட்டுடு'ம்பாரு. ரொம்ப நாளா அதத்தான் சொல்றாரு. நான் கஷ்டப்படக் கூடாதுன்னு நெனக்கறாரு, பாவம். நெலத்த வுட்டுட்டு இவ்ளோ பெரிய வீட்ல உக்காந்து நான் என்ன பண்ணுவேன்? டிவி பாக்கவா?"

மலையும் கடலும் பார்க்க ஜன்னல் வைக்கக் கற்றுக்கொண்டு வந்தவளிடம், வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவர் இதைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார். அவர் கேட்டது ஒரு மடை.

அன்றே நூல் பிடித்தோம். அடுப்பு வரப் போகிற இடத்தில் அக்கா நின்றார். அவர் கண் உயரத்தில் கொத்தனார் நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, மறு முனையோடு நான் சேறும் சகதியுமாக மடை வரை போனேன். அடுப்பு கிழக்கு பார்த்துத்தான் இருக்க வேண்டும். அதில் யாரும் கை வைக்க முடியாது. தலையைத் திருப்பினால் மடை தெரிய வேண்டும். அவ்வளவுதான். நூல் எந்தெந்தச் சுவரைத் தாண்டுகிறதோ அங்கெல்லாம் ஒரு திறப்பு. அடுப்படிச் சுவரில் ஒன்று. ஹாலின் மேற்குச் சுவரில் ஒன்று. அதற்கும் பின்னால், வடமேற்கில் வரவிருந்த கழிவறை நூலை மறித்தது. கழிவறையை நகர்த்துவது எனக்கு விரல் நுனியில் இருக்கிற வேலை. தெற்குப் பக்கமாகத் தள்ளிவிட்டு, அந்த இடத்தை நெல் மூட்டை அடுக்க வெறும் தூண்களோடு திறந்து விட்டேன்.

முகப்பு இளங்கோவனுக்கு, இந்த ஒரு கோடு எனக்கு என்று மனதுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டேன். இது நின்றால் நானும் இங்கே நிற்பேன். இதுவும் போய்விட்டால் சென்னை நாற்காலிதான். அப்படி ஒரு பிடிவாதம் வந்துவிட்டது.

ஒரு புதிய சாஸ்திரம்

சுவர் பூசி முடித்து, டிவி யூனிட் அடிக்கக் கும்பகோணத்திலிருந்து ஆட்கள் வந்தபோது பிரச்சினை வந்தது. அளவெடுக்கும்போது சிங்கப்பூரிலிருந்து வீடியோ கால்.

"மேடம், ஹால்ல அந்த ஜன்னல அடைச்சிடுங்க. நான் அனுப்பின படத்துல ஜன்னலே இல்ல. டிவி யூனிட் முழுச் சுவருக்கும் வரணும்."

"சார், அது இருந்தா ஹாலுக்கு வெளிச்சம்..."

"லைட் போட்டுக்கலாம் மேடம். அந்தப் பக்கம் பாத்தா என்ன தெரியுது? வயக்காடுதான? அதுல என்ன இருக்கு பாக்கறதுக்கு?"

வெளிச்சம், காற்றோட்டம், சூடு, மேல்கூரை ஈரம் என்று படித்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். எதுவும் போய்ச் சேரவில்லை. ஆட்கள் பிளைவுட்டை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற அக்கா என் கையை அழுத்தினார். போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்னங்க, அத அடைக்கக் கூடாதுங்க. வாஸ்துங்க அது."

"என்ன வாஸ்து?"

"அக்னி மூலையும் வாயு மூலையும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கணுமாம். நெருப்புக்குக் காத்து வேணும்ல? நடுவுல மறைச்சா வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு ஆவாதாம்."

இப்படி ஒரு விதியை நான் கேள்விப்பட்டதே இல்லை; அதற்கு முன்பு அக்காவும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

"அப்படியா மேடம்?"

"காத்து நல்லா வரும்ங்க" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

"அத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல? அப்ப டிவிய இந்தப் பக்கம் தள்ளிக்குங்க."

பிளைவுட்டைச் சாய்த்தவர்களே அதை எடுத்து வெளியே வைத்தார்கள். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தார். நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தோம்.

பஸ்ஸில் திரும்பும்போது அந்தச் சிரிப்பு வடிந்துவிட்டது. ஐந்து வருடப் படிப்பு, சென்னை அனுபவம், பெயருக்குப் பின்னால் பதிவு எண். இத்தனையும் சேர்ந்து செய்ய முடியாததை, அரை நிமிடத்தில் இட்டுக்கட்டிய ஒரு வாக்கியம் செய்துவிட்டது. அப்படியென்றால் நான் எதற்கு? ஜன்னல் நின்றதில் சந்தோஷம். என்னால் நிற்கவில்லை என்பதில் துக்கம். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றபோது, சென்னை மூத்தவருக்கு 'வருகிறேன் சார்' என்று டைப் செய்தேன். கேட் திறந்து பஸ் கிளம்பியது. அனுப்பாமல் வைத்துக்கொண்டேன். கிரகப்பிரவேசம் முடியட்டும் என்று இருந்தேன்.

இதற்கிடையில் அந்தப் புதிய சாஸ்திரம் தன் பாட்டுக்கு ஊரைச் சுற்றத் தொடங்கிவிட்டது. கடைத்தெருவில் ஹார்டுவேர் கடைக்காரர், "அக்னி வாயு பார்வைன்னு ஒண்ணு வந்திருக்காமே, அது நீங்க வைக்கறதுதானா?" என்று என்னையே கேட்டார். நான் கதவுக் கீலை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கொக்கு

இப்போது பந்தலுக்குத் திரும்பலாம். தட்டு அந்தரத்தில் நின்றது. அடுப்படியில் "வந்துடுச்சு" என்று சத்தம்.

வளர்மதி அக்கா அரக்குப் பட்டுப் புடவையில் வெளியே வந்தார். கையில் காபி கலக்கிய கரண்டி. அதை எதிரே வந்த நாத்தனார், குணசேகரன் அண்ணனின் மனைவி சுமதியிடம் கொடுத்தார். கழுத்து மாலையைக் கழற்றிக் கதவுக் கைப்பிடியில் மாட்டினார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கொல்லைப்புறத்தில் சாய்த்து வைத்திருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயல் பக்கம் ஓடினார்.

பந்தியில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். "என்னாச்சு? யாருக்கு என்ன?" என்று ஒரே கூச்சல். இளங்கோவன் பட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்.

"எங்க போறா இவ? மேடம், என்ன ஆச்சு?"

நான் அவரை அடுப்படிக்குள் கூட்டிக்கொண்டு போய், அடுப்புப் பக்கம் நிற்க வைத்தேன். "திரும்பிப் பாருங்க" என்றேன்.

அடுப்படித் திறப்பு, ஹால், டிவிக்குப் பக்கத்து ஜன்னல், மூட்டை அடுக்கும் தூண்கள், அதற்கப்பால் வெயில். வெயிலில் வாய்க்கால் பளபளத்தது. கரையெல்லாம் கொக்கு. தண்ணீர் வந்தால் முதலில் கொக்கு வரும். அதைத்தான் அக்கா பார்த்திருக்கிறார். இப்போது மடைக்கருகில் அவர் குனிந்து மண்ணை வெட்டுவது தெரிந்தது. வெட்டிய இடத்தில் தண்ணீர் திரும்பி நாற்றங்காலுக்குள் நுழைந்தது. கொக்குகள் எழும்பி, நாலடி தள்ளி மறுபடி உட்கார்ந்தன.

இளங்கோவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வருடத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருகிறவர். தன் மனைவி வேலை செய்வதை அவ்வளவு நேரம் நின்று பார்த்தது அதுதான் முதல் தடவையோ என்னவோ.

"இதுக்குத்தானா அந்த வாஸ்து?"

"காத்தும் வரும்ங்க" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே பந்தியில் ஒருவர் இரண்டாவது தடவை சாம்பார் வாங்கிக்கொண்டிருந்தார். நிலத்தைக் குத்தகைக்கு எடுக்க விரும்பியவர். அன்று பேசி முடித்துவிடலாம் என்று இளங்கோவன்தான் வரச் சொல்லியிருந்தார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவரிடம் போய்க் குனிந்து என்னவோ சொன்னார். எனக்குக் கேட்டது கடைசி வாக்கியம் மட்டும்.

"இல்லங்க, அது அவ நெலம். அவளே பாத்துக்கட்டும்."

அக்கா முழங்கால் வரை சேறோடு திரும்பி வந்தார். புதுத் தரையில் கால் வைக்கத் தயங்கி வாசலிலேயே நின்றார். "வா, துடைச்சுக்கலாம்" என்றார் இளங்கோவன். புது டைல்ஸில் முதல் கறை சேற்றுக் கால்தான். அதைப் பார்த்து நான் பட்ட சந்தோஷத்தை எந்தப் பாராட்டுக்கும் ஈடாகச் சொல்ல மாட்டேன். சென்னையில் எந்த ஓட்டின் மேலும் யாரும் கால் வைத்து நான் பார்த்ததில்லை.

வேட்டிக்குள் இருந்த அட்டை

நாற்காலியில் அநாதையாகக் கிடந்த தட்டை இளங்கோவனே எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். "பொடவை ஒண்ணு எடுத்துத் தந்துடறேன் மேடம், மன்னிச்சுக்குங்க."

"வேணாங்க. இதே இருக்கட்டும்."

அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வேட்டிக் கரையைத் தடவிப் பார்த்தார். நான் போனை எடுத்து, அனுப்பாமல் கிடந்த அந்தச் செய்தியை அழித்தேன்.

சுமதி அக்கா காபியோடு வந்து உட்கார்ந்தார். அவர் கையில் இன்னும் அந்தக் கரண்டி இருந்தது. "நாங்களும் தையில வீடு கட்டக் கடைக்கால் போடறோம். எங்க வீட்டுக்கும் அந்த அக்னி வாயு வச்சுக் குடுங்க."

வாஸ்து என்று அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்ல வந்தேன். அதற்குப் பதிலாக ஒன்று கேட்டேன்.

"ஒங்க அடுப்படியிலேர்ந்து ஒங்களுக்கு என்னக்கா தெரியணும்?"

"எங்க ஊர் கோபுரம் தெரியட்டும்" என்றார் பின்னால் நின்ற குணசேகரன் அண்ணன், அதே மைக் குரலில்.

சுமதி அக்கா தலையாட்டினார். அடுத்த பந்திக்கு இலை போடக் கணவர் நகரும் வரை காத்திருந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, மெல்லிய குரலில் சொன்னார்.

"பஸ் ஸ்டாப்புங்க. பொண்ணு காலேஜ் வுட்டு வந்து எறங்கறது தெரியணும். அது எறங்கற வரைக்கும் எனக்குக் கையில வேல ஓட மாட்டேங்குது."

எழுதுவதற்குத் தாள் இல்லை. வேட்டியின் கவரைப் பிரித்து, மடிப்புக்குள் விறைப்பாக நிற்க வைத்திருந்த அட்டையை உருவினேன்.

"வேட்டி கசங்குது பாரு" என்றார் அப்பா. சொல்லிக்கொண்டே தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

அட்டையின் ஒரு மூலையில் அடுப்புக்கு ஒரு புள்ளி வைத்தேன். "பஸ் ஸ்டாப் எந்தப் பக்கம்க்கா?" என்றேன். அவர் கரண்டியால் காட்டிய திசையில் இன்னொரு புள்ளி வைத்தேன். இரண்டையும் சேர்த்து ஒரு கோடு போட்டேன். சுவர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.